மரம் நடும் முன் கேட்க வேண்டியவை: பழனி மலையும் நம் பொறுப்பும்

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் விடுதி நடத்துபவர்களும், சமவெளியிலிருந்து மரம் நட வண்டி பிடித்து வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் நீலகிரிக்கும் பொருந்தும்.

சூழலியல் அறிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? மரம், பறவை பெயர் தெரிந்தால் போதாதா?

பெயர் தெரிவது நல்லதுதான், ஆனால் அது முதல் படி மட்டும். ஓர் இடத்தில் எது எதை நம்பி இருக்கிறது, தண்ணீரும் மண்ணும் எந்த வழியில் போகின்றன, ஒன்றை மாற்றினால் எத்தனை ஆண்டு கழித்து யார் தலையில் விடியும் என்று பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். எழுத்தறிவு, எண்ணறிவுபோல இதையும் அடிப்படைக் கல்வியில் சேர்க்க வேண்டும் என்று 1990களில் டேவிட் ஆர், ஃபிரிட்ஜாஃப் காப்ரா போன்றவர்கள் வாதிட்டார்கள்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது? பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்த ஓடையில் சேர்கிறது? நீங்கள் நிற்கும் நிலம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சோலையா, புல்வெளியா, சதுப்பா? மூன்றாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "காடு" என்பார்கள். மலையில் நடந்த பெரிய தவறுகள் பலவற்றுக்கு அந்தப் பதில்தான் வேர்.

மேல்மலைப் புல்வெளி சும்மாதானே கிடக்கிறது? அங்கே மரம் நட்டால் என்ன தப்பு?

சும்மா கிடக்கவில்லை. ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேலே இந்த மலைகளின் இயல்பான அமைப்பே இரட்டை அமைப்பு. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காடு, மேடுகளிலும் சரிவுகளிலும் புல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மர நாற்றுகளைக் கருக்கிவிடும். புல்லின் வளர்முனை தரையோடு இருப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். பனியையும் தீயையும் தாங்கும் காட்டுப்பூவரசு மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கும். மலையேறுபவர்கள் ரோடோடென்ட்ரான் என்று சொல்லும் சிவப்புப் பூ மரம் அதுதான்.

"முன்பு காடாக இருந்ததை மனிதன் எரித்துப் புல்லாக்கிவிட்டான்" என்ற வாதம் இன்னும் காதில் விழுகிறது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் பரந்திருந்தது தெரியவந்தது. புல்லும் மரமும் காற்றிலுள்ள கார்பனை வேறுவேறு விதத்தில் உடலில் சேர்ப்பதால், எந்தக் காலத்தில் எது மிகுந்திருந்தது என்று அந்த மண்ணிலேயே படிக்க முடிகிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் தைல மரமும் வந்தன. விறகுக்காக வந்தவை, விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்குமாக மலை மலையாக நடப்பட்டன. வாட்டிலை நீலகிரியில் சீகை என்பார்கள். விளைவு: 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் தைல மரம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். மலையில் குறையும் அந்தத் தண்ணீர் வடக்கே பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கும் தெற்கே மஞ்சளாற்றுக்கும் போக வேண்டியது. நட்டவருக்குப் பாராட்டு, அணைக்குக் கீழே வயல் வைத்திருப்பவருக்கு வறட்சி. இதை அறக் கேள்வி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஆகவே புல்வெளியில் மரம் நடாதீர்கள், சோலை மரமாக இருந்தாலும்.

அப்படியானால் வாட்டில், பைன், தைல மரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமே?

அவசரப்பட்டால் இருப்பதும் கெடும். வாட்டில் விதைக்குக் கெட்டியான தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மொட்டையடித்து வெயில் பட்டாலோ தீ ஓடினாலோ எல்லாம் சேர்ந்து முளைக்கும். நூறு மரம் நின்ற இடத்தில் ஆள் நுழைய முடியாத நாற்றுப் புதர் எழும். தைல மரம் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். பிளாக்வுட் என்ற வாட்டில் வகை வேரிலிருந்து கன்று விடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சோலையை ஒட்டிய பழைய வாட்டில், பைன் தோப்புகள் பலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக வந்துகொண்டிருக்கின்றன. மேலே நிற்கும் மரம் அந்நியம்தான். ஆனால் கீழே வளர்பவற்றுக்கு அது பனித் தடுப்பு. அங்கே வெட்டுவது மீண்டுவரும் சோலையை வெட்டுவதாகும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும், கொள்கையை வைத்து முடியாது.

எங்கள் பரிந்துரை: புல் இன்னும் உயிரோடு இருந்து, வாட்டில் இப்போதுதான் நுழையும் ஓரத்தில் தொடங்குங்கள். அடர்ந்த தோப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்த இரண்டு மூன்று நாளுக்குள், இடுப்புயரத்துக்குக் கீழே உள்ள கன்றுகளை அடியில் பிடித்து நேராக மேலே இழுத்தால் ஆணிவேரோடு வரும். சாய்த்து இழுத்தால் வேர் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். பெரியதைத் தரையோடு அறுத்து, கிளைகளை அந்தச் சரிவிலேயே பரப்பிவிடுங்கள், மண் அரிக்காது. எரிக்கவே கூடாது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள், வருடத்துக்கு ஒருமுறையாவது அதே இடத்துக்குப் போய் முளைத்தவற்றைப் பிடுங்க வேண்டும். முதல் ஆண்டு ஐம்பது பேர் வந்து, மறு ஆண்டு ஒருவரும் வராவிட்டால் தொடங்காமலே இருந்திருக்கலாம்.

புல் முற்றிலும் அழிந்த இடத்தில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வீடு, சாலை வேலையில் தோண்டப்படும் இடங்களிலிருந்து கிரைசோபோகன், தெமெடா, யூலாலியா போன்ற இந்த மலைப் புற்களின் தூர்களை எடுத்து, நான்கைந்து தண்டு உள்ள சிறு பிடிகளாகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, பையில் மூன்று நான்கு மாதம் வேர்பிடிக்க வைத்து, ஜூன் மழையில் ஓரடிக்கு ஒன்றாக நடலாம். நல்ல புல்வெளியைப் பிய்த்துக் கெட்ட புல்வெளியைச் சரிசெய்வது கணக்கில் சேராது.

அரசு வனத்தில் வனத்துறை அனுமதியின்றி ஒரு கன்றைக்கூடத் தொட முடியாது. பட்டா நிலத்திலும், 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், மரம் வெட்டும் முன் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அந்நிய மரம்தானே என்பது விதிவிலக்கு ஆகாது.

என் நிலம் சோலையை ஒட்டி இருக்கிறது. சோலை மரம் வளர்ப்பது எப்படி?

விதையிலிருந்து தொடங்குங்கள். நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், விக்கி ஆகியவற்றின் பழுத்து விழுந்த பழங்களை உங்கள் நிலத்திலோ சாலையோரத்திலோ பொறுக்குங்கள், சோலைக்குள் வேண்டாம். ஒரு மரத்தடியில் ஐந்தில் ஒன்றை எடுத்தால் போதும். மீதி காட்டுப்புறாவுக்கும் மலை அணிலுக்கும் கருமந்திக்கும் உரியது. அவைதான் உங்களைவிட நன்றாக விதைப்பவை. ஒரே மரத்திலிருந்து எல்லாம் எடுக்காமல் ஏழெட்டு மரங்களிலிருந்து சேர்த்தால் நாற்றுகளுக்கு வலு.

சதையைக் கழுவித் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். சோலை விதைகள் பலவும் காய்ந்தால் செத்துவிடும். நெல்போல வெயிலில் உலர்த்தி டப்பாவில் வைத்துவிட்டு "முளைக்கவே இல்லை" என்று வருந்துபவர்கள் அதிகம். மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1, மக்கிய தொழுவுரம் 1 என்று கலந்து நிழல்வலைக்குக் கீழே பாத்தி போடுங்கள். சில இனங்கள் மூன்று வாரத்தில் வரும், சில ஆறு மாதம் எடுக்கும். பாத்தியைக் கொத்திவிட அவசரப்படாதீர்கள். நான்கு இலை வந்ததும் பைக்கு மாற்றலாம்.

ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கழித்து, முழங்காலுக்குச் சற்று மேலே வளர்ந்ததும் நடலாம். அதற்கு மேல் பையிலேயே வைத்தால் வேர் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே நின்று, நான்காம் ஐந்தாம் ஆண்டில் காற்றுக்குச் சாயும். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. இடைவெளி ஐந்து ஆறு அடி போதும். நெருக்கி நட்டால் ஒன்றுக்கொன்று நிழலாகும். ஜூன் முதல் செப்டம்பருக்குள் நட்டு முடித்தால் உறைபனிக்கு முன் வேர் ஊன்றும். பள்ளமான இடங்களில் முதல் இரண்டு குளிர்காலத்துக்குப் பெரணித் தழையை மேலே கூடுபோலக் கவிழ்த்து வையுங்கள்.

நட்டவற்றைக் கொல்வதில் முதலிடம் பனிக்கல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தரையில் அடர்ந்து படரும் கிக்குயு புல்லுக்கு. கன்றைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்கு அதை ஆண்டுக்கு நான்கு முறையாவது கைக்கொத்தால் எடுக்க வேண்டும்.

கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில் உண்ணிச்செடி (லாண்டானா) புகுந்துவிட்டது. வெட்டினால் இன்னும் அடர்த்தியாகிறதே?

ஆகும். தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் அதன் துளிர்க் கண்கள் இருக்கின்றன. அரிவாளால் மேலே வெட்டுவது அதற்குக் கவாத்து செய்வதுபோல. மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரைக் குறுகிய மண்வெட்டியால் வெட்டி, செடியைத் தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்துவிடும். காய் கறுக்கும் முன் செய்ய வேண்டும். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த மூன்று ஆண்டு பார்த்துக்கொண்டே இருங்கள், எச்சத்தில் விதை விழும் இடம் அதுதான். முழுத் தோட்டத்தையும் ஒரே மாதத்தில் வழிக்காமல் பட்டை பட்டையாக எடுத்தால், அதில் அண்டியிருக்கும் குருவிகளுக்கும் காட்டுக்கோழிக்கும் ஒதுங்க இடம் இருக்கும்.

கேரட், பூண்டு, உருளை போடுகிறோம். சரிவில் மேலிருந்து கீழாகத்தான் பாத்தி போட வேண்டியிருக்கிறது. நாங்கள் மலையைக் கெடுக்கிறோமா?

விவசாயியைக் குற்றவாளியாக்கும் பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை. கிழங்கு அழுகாமல் இருக்கத் தண்ணீர் வடிய வேண்டும், அதனால்தான் சரிவுவாக்கில் பாத்தி போடுகிறார்கள். காரணம் சரி, வழிதான் விலை கூடியது. ஒரு கனமழையில் மேல்மண் ஓடையில் இறங்கிவிடும், அதோடு நீங்கள் காசு கொடுத்துப் போட்ட உரமும்.

நடுவழி உண்டு. ஆறடிக் கம்பு இரண்டை ஏ-வடிவில் கட்டி, நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சமதரையில் நூல் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டால் அதுவே சமமட்டக் கருவி. அதைக்கொண்டு சரிவின் குறுக்கே சமமட்டக் கோடு பிடித்து, பாத்தியை அந்தக் கோட்டிலிருந்து நூறடிக்கு ஓரடி மட்டும் இறங்குமாறு அமையுங்கள். தண்ணீர் வடியும், மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடாது. பாத்தி முடியும் இடத்தில் ஒரு வடிகால், அதில் புல். ஓடைக்கும் கடைசிப் பாத்திக்கும் இடையில் பதினைந்தடி புல்லோ புதரோ விட்டுவிடுங்கள். மருந்துத் தெளிப்பானை ஓடையில் கழுவாமல் வயலிலேயே கழுவுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. நீரைத் தேக்கும் சமமட்டக் குழிகளை எல்லாச் சரிவிலும் வெட்டக் கூடாது. செங்குத்தான இடத்தில், கீழே வீடோ வெட்டப்பட்ட சாலையோ இருந்தால், குழியில் தேங்கும் நீர் மண்ணை ஊறவைத்து மொத்தமாகச் சரியவைக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தகைய சரிவில் நீரைத் தேக்குவதைவிட, வடிகாலை அடைபடாமல் வைத்திருப்பதுதான் முதல் வேலை.

காட்டுமாடு ஊருக்குள் வருகிறது. குரங்கு சமையலறைக்குள் நுழைகிறது. அவற்றுக்கும் பசிக்காதா, கொஞ்சம் கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். இரக்கம் என்று நினைப்பது அந்த விலங்கின் ஆயுளைக் குறைக்கிறது. சோறு கண்ட குரங்கு கடிக்கும் குரங்காகி, கூண்டில் பிடிபட்டு, அறிமுகமில்லாத காட்டில் விடப்படும். கரடியை எண்ணெயும் இனிப்பும் இழுக்கும். கோயிலில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடி இரவில் நுழைவது நீலகிரியில் அடிக்கடி நடப்பது. காய்கறித் தோலையும் சாப்பாட்டு மிச்சத்தையும் வேலிக்கு வெளியே கொட்டுவதும் ஊட்டுவதுதான். கொக்கி போட்ட மூடி உள்ள தொட்டியில் வைத்து, உரக்குழியில் மண்ணிட்டு மூடுங்கள். காட்டுமாடு சாலையில் நின்றால் முப்பது மீட்டராவது விலகி நில்லுங்கள், நாயைக் கட்டுங்கள், அதற்கும் காட்டுக்கும் நடுவே நிற்காதீர்கள். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பிக் காட்டினால், போ என்று சொல்கிறது என்று பொருள்.

காட்டைக் காப்பாற்ற மனிதர்களை வெளியேற்ற வேண்டும் என்கிறார்களே?

பளியர்களும் புலையர்களும் பழனி மலையிலும், தோதவர், கோத்தர், குறும்பர், இருளர் நீலகிரியிலும் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். நீலகிரிப் புல்வெளி இன்றைய வடிவில் இருப்பதில் தோதவரின் எருமை மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு. ஆளில்லாக் காடுதான் தூய காடு என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். 2006 வன உரிமைச் சட்டம், தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையை மட்டுமல்ல, காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராமசபைக்குக் கொடுக்கிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகும் அது பொருந்தும். அதற்காகப் பழங்குடி செய்வதெல்லாம் தானாகவே சரி என்றும் சொல்லிவிட முடியாது. சந்தை விலை ஏறினால் யார் கையும் கொஞ்சம் நீளும். முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

இயற்கைக்குச் சட்டத்தில் உரிமை உண்டா?

அரசமைப்பின் 51அ(எ) பிரிவு, காடு, ஏரி, ஆறு, வனவுயிர்களைக் காப்பதையும் உயிர்களிடம் பரிவு காட்டுவதையும் குடிமக்களின் கடமை என்கிறது. 1976இல் சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு படி மேலே போய், இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உள்ள உயிருள்ள ஆளாக அறிவித்தது. வழக்கு நமக்குப் பக்கத்து மலையான மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்தது பற்றியது. தீர்ப்பு மட்டும் ஓடையைச் சுத்தமாக்காது. ஆனால் "யாருக்கு நஷ்டம்?" என்று அதிகாரி கேட்கும்போது ஓடைக்கு என்று சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

விடுதி நடத்துகிறோம். முதலில் எதைச் சரிசெய்வது?

கழிவுநீர். தொட்டி ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது 20 மீட்டர் தள்ளி, அவற்றுக்கு மேட்டில் இல்லாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். நிரம்பி வழியும்வரை காத்திருந்தால் உறிஞ்சுகுழி அடைபட்டுப் புதிதாகத் தோண்ட வேண்டிவரும். பிளாஸ்டிக் புட்டிக்குப் பதில் வடிகட்டிய குடிநீர்க் குழாய் அதற்குப் பிறகு. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு நடைமுறையில் இருக்கிறது. வரும் வண்டிகளை அது எண்ணுகிறது, அறைக்கு எத்தனை லிட்டர் என்பதை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

பள்ளியில் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? சுவரொட்டிப் போட்டி நடத்திச் சலித்துவிட்டது.

அளக்கச் சொல்லுங்கள். ஆறு அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, பாதியளவு மண்ணில் அடித்து இறக்குங்கள். உள்ளே 450 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது ஓர் அங்குல மழைக்குச் சமம். முழுவதும் இறங்க எத்தனை நிமிடம்? முதல் தடவை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும், அந்த அளவை விட்டுவிட்டு இரண்டாம் முறை ஊற்றி நேரம் பாருங்கள். புல்வெளி, பைன் தோப்பு, மாடு நடக்கும் பாதை, பள்ளி மைதானம் என்று நான்கு இடங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை. குழாயின் ஓரத்தில் நீர் கசிந்தால் அந்த அளவு செல்லாது, ஈர மண்ணால் வெளிப்புறத்தை அழுத்திவிட வேண்டும். கோடையில் பைன் ஊசிகளுக்குக் கீழே தண்ணீர் மணியாக உருண்டு நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்து, பள்ளிக்குப் பக்கத்து ஓடையில் நீர் குறுகி விழும் ஓர் இடத்தில் பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் எடுங்கள். எட்டு விநாடி என்றால் நாளுக்கு 1,08,000 லிட்டர். அளந்த நாளுக்கு முன் மூன்று நாள் மழை பெய்திருந்தால் அதையும் எழுதுங்கள். மார்ச், ஏப்ரல் அளவுதான் மிக முக்கியம், மழையில்லாக் காலத்தில் மலை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பது அதில் தெரியும். குறிப்பேட்டை ஆசிரியர் வீட்டில் வைக்காமல் பள்ளியில் வைத்தால், மாறுதல் வந்தாலும் கணக்கு தொடரும். ஐந்து ஆண்டு அளவுகள் கையில் இருந்தால் ஊராட்சிக் கூட்டத்தில் எடுத்து வைக்கலாம்.